கனகவல்லியின் ஒற்றை ஜிமிக்கி

வெயில்கூட வழி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அப்படி அடர்ந்த ஒரு காட்டில் கனகவல்லி என்ற கரடி இருந்தாள். அவளிடம் இல்லாத புடவை இல்லை, இல்லாத நகை இல்லை. ஆனால் எதுவும் அவசரத்துக்குக் கிடைத்ததில்லை. எல்லாம் குகையின் நடுவில் ஒரே குவியலாகக் கிடக்கும். விருந்தாளி வந்தால் அதன்மேல் ஒரு போர்வையை விரித்து, "உட்காருங்கள், மெத்தைதான்!" என்பாள்.

பக்கத்து வளையில் பொன்னையன் என்ற பெருச்சாளி குடியிருந்தான். பாவம், யார் பொருளையும் தொடாதவன். ஆனால் பெருச்சாளி இனத்துக்கு இருந்த கெட்ட பெயர் அவன் தலையிலும் ஏறிவிட்டது.

அன்று மாலை யானை வீட்டுக் கல்யாணம். கனகவல்லியின் ஒரு காதில் ஜிமிக்கி ஆடியது. மறு காது மொட்டையாக இருந்தது. குவியலைக் கொஞ்சம் கிண்டினாள், கொஞ்சம் கிளறினாள், நேரே பொன்னையன் வளைக்கு வந்து நின்றாள்.

"அடே திருட்டுப் பயலே! எடு ஜிமிக்கியை வெளியே!"

"நான் எடுக்கவில்லை அக்கா."

"எடுத்தவன் எடுத்தேன் என்றா சொல்வான்? நட, சிங்கராஜாவிடம்!"

திருடியவன் அன்றே காட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது ராஜாவின் கட்டளை. பெண்டாட்டி பிள்ளைகளோடு பொன்னையன் எங்கே போவான்? அழலாம்தான். ஆனால் அழுகிற பெருச்சாளியை யார் நம்புவார்கள்? அதனால் அழாமல் யோசித்தான்.

"வருகிறேன் அக்கா. ஆனால் 'வேறு என்னென்ன போயிற்று?' என்று ராஜா கேட்பாரே! என்னைப் போன்ற திருடன் ஒன்றோடு விடுவானா?"

கனகவல்லிக்குப் பகீரென்றது. "ஐயையோ, என் பட்டுப்புடவை!"

"இருப்பதை எடுத்து வைத்தால்தானே அக்கா, போனது தெரியும்?"

"அதுவும் சரிதான். நீயும் வந்து செய். என் கண் முன்னால் நில்!"

இருவரும் குவியலில் இறங்கினார்கள். தினமும் உடுத்துவதைப் பொன்னையன் கைக்கெட்டும் கொடியில் போட்டான். விசேஷப் புடவைகளை மடித்து, அதனதன் ரவிக்கையை அதனதன் மடிப்புக்குள்ளேயே செருகிக் கூடையில் அடுக்கினான். வளையல்களை மூங்கில் குச்சியில் கோத்தான். ஊக்குக்கு ஒரு கொட்டாங்கச்சி, கொண்டை ஊசிக்கு ஒன்று, கம்மலுக்கு ஒன்று.

"அட, என் மஞ்சள் ரிப்பன்! அட, இந்த வளையலுக்காக எவ்வளவு அழுதேன்!" என்று கனகவல்லி ஒவ்வொன்றுக்கும் குதித்தாள். ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

குவியல் கரைந்து தரை தெரிந்தது. அது செம்மண் தரை என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. கடைசியாகக் கிடந்த கம்பளிச் சால்வையைப் பொன்னையன் உதறினான். அதன் நூலில் மாட்டிக்கொண்டு தொங்கியது ஜிமிக்கி!

பொன்னையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது... எப்படி அங்கே போயிற்று?" என்று முணுமுணுத்தாள் கனகவல்லி. "சரி சரி, கிடைத்துவிட்டதே. கல்யாணத்துக்கு நேரமாகிறது, நான் கிளம்புகிறேன்."

"கொஞ்சம் இருங்கள் அக்கா. இவற்றை எந்தக் கூடையில் வைப்பது?" என்று, ஓரமாகத் தான் ஒதுக்கி வைத்திருந்தவற்றைக் காட்டினான் பொன்னையன்.

குரங்கின் சீப்பு. முயலின் சலங்கை. தீபாவளிக்கு அவள் இரவல் வாங்கிய பொன்னையனின் சிவப்புத் துண்டு. எதையும் அவள் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

"சிங்கராஜாவிடம் போவோமா அக்கா?" என்று பணிவாகக் கேட்டான் பொன்னையன்.

கனகவல்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டை உதறி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மன்னித்துவிடு தம்பி. கல்யாணத்துக்கு நீ முன்னால் போ. நான் குரங்கு வீட்டுக்கும் முயல் வீட்டுக்கும் போய்விட்டு வருகிறேன்."

நீதி: பொருளை அதனதன் இடத்தில் வைக்காதவர், அது காணவில்லை என்று பிறர்மேல் பழி போடக் கூடாது.