பேட்டரி படகுல வந்த மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு மாப்பிள்ளை இருந்தான், பேரு தணிகாசலம். ஏரிக்கு இந்தக் கரையில அவன் குப்பம், அந்தக் கரையில பொண்ணு குப்பம். நடுவுல உப்புத்தண்ணி ஏரி, பாதி எடத்துல முட்டிக்கால் ஆழம்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படகுலதான் வரணும், அது அங்க வழக்கம். ம் சொல்லு, அப்போதான் பெரியம்மா மேல சொல்லுவேன்.

ம்.

அப்போ இவன் படகுக்கு என்ஜின் பாக்கப் போனான். மொதல்ல பெட்ரோல் என்ஜின், கடல்ல ஓட்டுறது. டுர்ர்ர்ர்னு கெளம்பிச்சு, என்ன வேகம்! கொஞ்ச தூரத்துல விசிறி சேத்துல குத்தி, கடக்! முட்டிக்கால் தண்ணிக்குக் கடல் என்ஜின் பாக்குற புத்திசாலிய நீ எங்கயாவது பாத்திருக்கியா?

அப்புறம் டீசல் என்ஜின், நீட்டு வால் நுனியில விசிறி வச்சது. டக டக டகன்னு போகும். சேறு வந்தா வாலத் தூக்கிக்கலாம், டீசலும் கொஞ்சமாத்தான் குடிக்கும். ஏரியில எல்லாரும் வச்சிருக்கிறது அதுதான். தொரைக்குப் புடிக்கல. "ச்சீ, மீன்காரன் என்ஜின்"னான். இவன் என்ன கலெக்டரா? இவன் கையிலயும் மீன் வாடைதான்!

ம்...

அப்புறம் பேட்டரி மோட்டார். புகையில்ல, சத்தமில்ல. நல்ல மோட்டார்தான், அதக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சத்தமில்லாம போனா எவன் திரும்பிப் பாப்பான்? அதனால அதே பேட்டரியில ரெண்டு ஸ்பீக்கர், கலர் லைட்டு எல்லாம் மாட்டிட்டான் அந்த அறிவுக்கொழுந்து. மாப்பிள்ளை கழி ஊன்றதாவதுன்னு, படகு தள்ளுற கழிய வீட்டுலயே போட்டுட்டான்.

கல்யாணத்தன்னிக்கு அம்மாவையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பினான், பாட்டு ஜங்கு ஜங்குன்னு வந்துச்சு. கரை தெரியிற எடத்துல பாட்டு ஈஈஈன்னு இழுத்துச்சு. அப்புறம் படகும் நின்னுபோச்சு.

முகூர்த்த நேரம் போய்க்கிட்டே இருக்கு. பொண்ணு அஞ்சலாட்சி கரையில நின்னு கத்துனா. "முட்டிக்கால் தண்ணிதான், எறங்கி வாங்க!"

"பட்டு வேட்டி நனையும். யாராச்சும் வந்து தள்ளுங்க!"

அப்போ அவ கல்யாணப் புடவைய இழுத்துச் சொருவிக்கிட்டு எறங்கிட்டா. சளக், சளக், சளக். படகப் புடிச்சா. தள்ள வந்ததா நெனச்சு இவன் பல்ல இளிச்சான். அவ தள்ளவே இல்ல. உள்ள இருந்த அவன் அம்மாவுக்குக் கையக் குடுத்தா.

"வாங்கத்தை, பசியோட இருப்பீங்க, சாப்பிட்டுப் போலாம். உங்க புள்ள நனையாம உக்காந்திருக்கட்டும். எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம்."

"அம்மா!"ன்னு அலறினான். அம்மாக்காரி புடவையத் தூக்கிக்கிட்டு எறங்கினா. திரும்பிக்கூடப் பாக்கல.

ம்...

அவ்ளோதான், கதை கரை ஏறிடுச்சு. கண்ண மூடு.