ஏரி நிறைந்த வருஷம்

அகிலாண்டம் அம்மாளைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு குறுகலான மாடிப்படி ஏற வேண்டும். கீழே கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை. நாளெல்லாம் கல் உருளும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தின் தலைமேல் உட்கார்ந்துதான் அவர் தியானம் சொல்லிக்கொடுத்தார். மூச்சைக் கவனிக்கச் சொல்வார். அதற்குமேல் அதிகம் பேசமாட்டார். நாற்பது வயதுகூட நிறையாதவர்.

அவரிடம் வந்தவர்களில் தவமணி மூத்தவர். ஐம்பதைத் தாண்டியவர். அதனால் குரு சீடரை அக்கா என்று கூப்பிட்டார். சீடர் குருவை அம்மா என்று கூப்பிட்டார். புதிதாக வருகிறவர்கள் யார் யாரிடம் படிக்கிறார் என்று கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள்.

தவமணி நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். பெரம்பூரில் ஒரு நீச்சல்குளத்தில் தன் இளமை முழுவதையும் கழித்தார். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற குழந்தைகள் அவரிடம் வந்து மாநிலப் போட்டிவரை போயிருக்கிறார்கள். பிறகு குளம் வேறு கைக்கு மாறியது. புது நிர்வாகம் இளவயதுப் பயிற்சியாளர்கள் போதும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டது. கடைசி நாளன்று வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. இனி தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தனி ஆள். அடுக்குமாடி வீட்டை விற்றார். செய்யாற்றுக்குத் தெற்கே ஆவணிப்பாக்கம் என்ற ஊரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கினார். பக்கத்திலேயே பெரிய ஏரி. ஒரு தலைமுறையாகவே அது நிறைந்ததில்லை. உள்ளே சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடந்தது.

கிளம்புவதற்கு முன் விடைபெற வந்தார்.

"என்னென்ன எடுத்துக்கிட்டுப் போறீங்க அக்கா?" என்று கேட்டார் அகிலாண்டம்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் இங்கேயே விட்டுட்டுப் போறேன். அங்கே மண்ணோட மண்ணா இருக்கப் போறேன்."

"சரி. பஸ்ல உட்கார இடம் தாராளமா இருக்கும்" என்றார் குரு.

தவமணிக்கு அது ஆசீர்வாதமா கேலியா என்று விளங்கவில்லை.

முதல் வருஷம் அவரைப் புரட்டி எடுத்தது. வேர்க்கடலை போட்டார். முளைத்ததைப் பன்றி தோண்டிப் போட்டது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. அடுத்த நிலத்துக்காரி பச்சையம்மாள் நல்ல மனுஷி. தன் நிலத்தில் வேலை முடிந்ததும் இங்கே வந்து கூடமாட நிற்பாள். அவள் புடவையைக் கட்டுகிற மாதிரியே தவமணியும் கட்டிப் பார்த்தார். அவள் உட்காருகிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். முழங்கால்தான் விட்டுப்போனது. ஊரில் எல்லோருக்கும் அவர் மெட்ராஸ்காரம்மாதான். பச்சையம்மாளே ஒருநாள், இன்னும் எத்தனை காலம் இங்கே இருக்கப்போறீங்க என்று விசாரித்தாள். அவள் கேட்டதில் விஷமம் ஒன்றுமில்லை. ஊருக்கு வந்த விருந்தாளியை யாரும் கேட்கிற கேள்விதான். தவமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தார். மாடிப்படி ஏறி குருவின் முன் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமாச்சும்மா. இன்னும் விருந்தாளியாவே இருக்கேன். ஊருக்கு நான் மெட்ராஸ்காரம்மா, பக்கத்து நிலத்துப் பச்சையம்மாவே எத்தனை காலம் இருப்பீங்கன்னு கேட்கறாங்க. எங்கிட்ட என்ன குறை?"

 அகிலாண்டம் தவமணியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். தார்ச்சாலை வெயிலில் நடந்து வந்ததில் பாதம் கொப்பளித்திருந்தது. எழுந்து போய் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தவமணி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். குரு விடவில்லை. இரண்டு பாதங்களையும் கழுவி, துண்டால் ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவினார்.

"செருப்பு எங்கே?"

"போடறதில்லம்மா. மண்ணுல இருக்கறவங்க மண்ணை மிதிச்சு நடக்கணும்னு..."

"அந்தப் பச்சையம்மா வெறுங்காலோடதான் நடப்பாங்களா?"

தவமணி யோசித்தார். பச்சையம்மாள் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு போட்டிருப்பாள். கழனிக்குள் இறங்கும்போது அதை வரப்பில் விடுவாள், ஏறியதும் முதல் வேலையாக மாட்டிக்கொள்வாள். முள் குத்தினால் யாருக்கும் வலிக்கும்தானே என்பாள்.

"இல்லம்மா. செருப்பு போட்டிருப்பாங்க."

"அப்போ நீங்க யாரைப் பார்த்து இப்படி நடக்கறீங்க?"

 குரு வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் படியிறங்கினார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது.

முதலில் ஊரே கொண்டாடியது. ஏரிக்குள் தண்ணீர் ஏற ஏற, கரையில் நின்று பார்ப்பதே எல்லோருக்கும் வேலையாகப் போனது. கருவேலங்காடு முழுக முழுகக் கைதட்டினார்கள். தண்ணீர் நிறைந்த தங்கள் ஏரியை முதல் தடவையாகப் பார்க்கிறவர்களே ஊரில் பாதிப் பேர். ஆனால் மழை நிற்கவில்லை. மிச்சத் தண்ணீர் வழிந்தோட வேண்டிய கலங்கலில் வேரோடு பெயர்ந்து வந்த மரங்கள் சிக்கி அடைத்துக்கொண்டன. தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்தது. ஒரு விடியற்காலையில் தெற்குக் கரையில் ஊற்றுப் போலத் தண்ணீர் கசிவதைப் பார்த்தார்கள். அதற்குக் கீழேதான் ஊர். தவமணியின் ஏழு ஏக்கரும் அங்கேதான்.

ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. மணல் மூட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினார்கள். வரிசையில் தவமணியும் நின்றார். அடுக்க அடுக்க மூட்டைகள் சரிந்தன. தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. சாலை மூழ்கிவிட்டதால் அவர்கள் பாதி வழியில் நின்றார்கள்.

மடையைத் திறந்தால் பிழைக்கலாம் என்றார் காத்தவராயன். ஏரிப் பாசனத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஏரிக்குள் சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்களும் அவற்றின் மேல் ஒரு பலகைக்கல்லும் தெரிந்தன. அதற்கு நேர் கீழே, தரையில் மடையின் வாய். அதை ஒரு கல் மூடியிருக்கும். கல்லில் ஒரு வளையம், வளையத்தில் சங்கிலி. சங்கிலியை இழுத்தால் கல் எழும்பி, தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து கால்வாய்க்குப் போய்விடும். காய்ந்து கிடந்த காலத்தில் அந்தச் சங்கிலி துருப்பிடித்து உதிர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது யாராவது முங்கிப் போய் வளையத்தில் கயிறு கட்ட வேண்டும். முன்பெல்லாம் காத்தவராயனின் சித்தப்பா முங்குவார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் வாலிபர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஏரியில் தண்ணீரே இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

பேச்சு தவமணியின் காதில் விழுந்தது. மூட்டையை வாங்கிய கை அப்படியே நின்றது. தான் முன்பு யாராக இருந்தோம் என்று இந்த ஊரில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை மறக்கத்தான் இங்கே வந்தார். சொல்லாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார். செம்மண் கலங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. நீளமாக ஒரு மூச்சு தானாக உள்ளே போனது.

"நான் இறங்கறேன்" என்றார்.

காத்தவராயன் முதலில் காதில் வாங்கவில்லை. வாங்கியதும் மறுத்தார். நம்மை நம்பி வந்த பொம்பளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு ஊரில் நடப்பது என்றார். தவமணி வாதம் செய்யவில்லை. புடவையை அவிழ்த்துப் பச்சையம்மாளிடம் கொடுத்துவிட்டு, யாரோ நீட்டிய லுங்கியைப் பாவாடைமேல் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஒரு கயிறு. பிறகு அவர் பேசியபோது அந்தக் குரல் வேறாக இருந்தது. ஒரு குளத்தின் மறுகரைவரை கேட்கிற குரல்.

"இடுப்புக் கயிற்றை ரெண்டு தடவை இழுத்தா என்னைத் தூக்குங்க. மத்தக் கயிற்றை, நான் வெளியே வந்து அந்தக் கல்மேல ஏறுற வரைக்கும் யாரும் இழுக்கக் கூடாது. கல்லு எழும்பினா தண்ணி என்னையும் சேர்த்து உள்ளே இழுத்துரும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று ஊரே சொன்னது.

முதல் தடவை முங்கியபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவித் தடவித் தூணின் அடிக்குப் போனார். சேறுதான் கிடைத்தது. மேலே வந்தார். அடுத்த தடவை கல் கிடைத்தது, வளையம் சேற்றில் புதைந்திருந்தது. விரல்களால் தோண்டினார். மூச்சு முடிந்தது. மறுபடி மேலே வந்தபோது போதும் வந்துவிடுங்கள் என்று பச்சையம்மாள் கரையிலிருந்து கெஞ்சினாள். தவமணி அவளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். தூணைப் பிடித்தபடி கண்ணை மூடி, மூச்சு தன்னால் அடங்குகிறவரை காத்திருந்தார். அவசரமே இல்லாதவர் போல இருந்தார். பிறகு கீழே போனார்.

இந்தத் தடவை நேரமாயிற்று.  கரையில் மூட்டை அடுக்குவது நின்றது. காத்தவராயன் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

தண்ணீரைப் பிளந்து தலை வந்தது. பலகைக்கல்லின்மேல் ஏறிக் குப்புற விழுந்தார் தவமணி. விழுந்தபடியே கையை உயர்த்தினார்.

"இழுங்க."

ஊரே இழுத்தது. கயிறு முறுகி நின்றது, பிறகு குலுங்கி வந்தது. ஏரியின் அடியில் எங்கோ ஒரு முழக்கம் கேட்டது. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு தலைமுறையாகக் காய்ந்து கிடந்த கால்வாயில், யானைக் கூட்டம் புறப்பட்ட மாதிரி தண்ணீர் பாய்ந்தது. யாரோ பறையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஏரி கரையைவிட்டு ஒரு முழம் இறங்கியிருந்தது. கசிவு நின்றுவிட்டது. பச்சையம்மாள் முந்தானையால் தவமணியின் தலையைத் துவட்டிக்கொண்டே, இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக அவரைத் திட்டித் தீர்த்தாள்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் அவளே முதலில் வந்து நின்றாள். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், பார்க்க மட்டும் வந்ததாகச் சொன்ன ஆண்கள். ஏரியின் ஆழமில்லாத மூலையில் தினமும் வகுப்பு நடந்தது. மடைத் தண்ணீரில் தவமணியின் நிலம் நெல்லாக நிமிர்ந்து நின்றது.

தை பிறந்ததும் அகிலாண்டம் அம்மாள் முதல் தடவையாக அந்த ஊருக்கு வந்தார். மெட்ராஸ்காரம்மா வீடு எங்கே என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் என்றதும், நம்ம தவமணியக்காவா என்று கூடவே நடந்துவந்து ஏரிக்கரையில் விட்டுப்போனார்கள்.

தண்ணீரில் பெண்கள் சிரித்துக்கொண்டு காலடித்தார்கள். இடுப்பளவு நீரில் நின்ற தவமணி குருவைப் பார்த்ததும் ஈரத்தோடு கரையேறி வந்து வணங்கினார். அவர் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"எல்லாத்தையும் விடத்தான் இங்கே வந்தேன். விட்டதே திரும்பக் கைக்கு வந்துடுச்சும்மா. சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா, நீங்க சொல்லிக்கொடுத்ததுல நான் தோத்துட்டேனோ?"

அகிலாண்டம் ஏரியை ஒரு முறை பார்த்தார். கைப்பையைக் கரையில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். குளிர் ஏறியதும் உடம்பு சிலிர்த்தது. இடுப்பளவு ஆழத்தில் கொஞ்சம் தடுமாறி, பச்சையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றார். "தண்ணிக்குள்ள மூச்சை எப்போ விடணும்? சொல்லிக்கொடுங்க."