லைன் வீட்டுச் செவலைச் சேவல்

கேட்டுக்கொண்டே கணக்குப் போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஆமாம்.

கோவில்பட்டியில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் உலகம்மாளுக்குக் கொஞ்ச நாளாக மனசே சரியில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செண்பகம், பிள்ளை பெற்றதிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி இப்படிக் கிடந்தால் பெற்ற வயிறு பதறாதா? என்னதான் வேண்டுமென்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுல வளர்ந்த சேவல்ல சாறு வச்சுக் குடும்மா" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள்.

சேவல் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது யார் வீட்டுச் சேவல் என்பதில்தான் வில்லங்கம்.

போன கோடையில் உலகம்மாளின் கோழியும் பக்கத்து வீட்டு எஸ்தரின் கோழியும் முட்டையிட்டுத் தள்ளினவே தவிர, அடை உட்காரவில்லை. எதிர்வீட்டுக் குருவம்மாளின் கோழி சும்மா அடைக்குக் கிடந்தது. அதை இரவல் கேட்டு இருவரும் தங்கள் முட்டைகளை வைத்தார்கள். அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு: தேறிய குஞ்சுகளில் முட்டைக்காரிகள் ஆளுக்கொன்று எடுத்த பிறகு, அடைக்கோழிக்காரிக்கு ஒன்று. உலகம்மாள் தன் முட்டைகளில் அடையாளத்துக்குக் கரிக்கோடு போட்டிருந்தாள். பொரித்த அன்று சுத்தக்காரி குருவம்மாள் ஓடுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டாள். காக்கையும் பூனையும் தின்றது போக மிஞ்சியது ஒரே குஞ்சு. மூன்று வீட்டு வாசலிலும் மேய்ந்து அது வாட்டசாட்டமான சேவலாகிவிட்டது. இறகெல்லாம் செவலை, கால் மட்டும் நல்ல வெள்ளை.

உலகம்மாள் அதைப் பிடிக்கப் போனபோது எஸ்தர் குறுக்கே வந்து நின்றாள். தன் கோழியின் முதல் சேவலை சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வைப்பதாக அவள் ஆண்டவரிடம் வேண்டிப் பொருத்தனை செய்திருந்தாளாம்.

"எக்கா, உங்க கோழி வெள்ளை, எங்க கோழி செவலை. வெள்ளைக்குச் செவலை பொறக்குமா?"

தகப்பன் யாரென்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லைனுக்கே சேவல் ஒன்றுதான், அது குருவம்மாளுடையது. அதுவும் செவலை, கால் மஞ்சள். உலகம்மாள் காலைப் பார்க்கச் சொன்னாள். அவளுடைய கோழிக்கு, முட்டைக்கே வராத விடைக்கோழியாக இருந்தபோதும் கால் வெள்ளைதான். எஸ்தர் விட்டாளா? தன் கோழியைத் தூக்கிக் காலைக் காட்டினாள். அதுவும் வெளுத்துத்தான் இருந்தது. சந்தையில் வாங்கி வந்தபோது மஞ்சள் பூசினாற்போல் இருந்த கால் அது. ஓயாமல் முட்டையிட்ட இந்த மாதங்களில் வெளுத்துப்போயிருந்தது. எஸ்தர் பொய் சொல்லவில்லை, பழசை மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

இதற்குள் குருவம்மாளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தன் கோழி உட்காராவிட்டால் அத்தனையும் கூமுட்டையாகப் போயிருக்கும், சேவலைத் தன்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் நடையைக் கட்டலாம் என்றாள்.

உள்ளே செண்பகம் வைத்த கஞ்சியைத் தொடாமல் படுத்திருந்தாள். உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது வாயைத் திறக்கலாம். மூவரில் அந்தச் சேவல் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: உலகம்மாளுக்கு. இறகை நம்பினால் ஏமாந்துபோவோம். வெள்ளைக்கோழியின் வெள்ளைக்குள் வேறு நிறம் ஒளிந்திருக்கலாம். தகப்பனும் செவலை என்பதால், செவலைக் குஞ்சு இரண்டு கோழிக்கும் பிறக்கக்கூடியதே. கால் அப்படியல்ல. மஞ்சள் கால் சேவலும் மஞ்சள் கால் கோழியும் கூடினால் வெள்ளைக்கால் குஞ்சு பிறக்காது. எஸ்தரின் கோழிக்குப் பிறவியிலேயே மஞ்சள் கால். அந்த மஞ்சளெல்லாம் முட்டைக் கருவுக்குப் போய்க் கால் வெளுத்திருந்தது. குருவம்மாளின் பங்கோ முட்டைக்காரிகள் எடுத்த பிறகுதான், ஒன்றே தேறினால் அவளுக்கு ஏது? சந்தையில் வாங்கி வந்த நாளை உலகம்மாள் ஞாபகப்படுத்தியதும் எஸ்தர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுச் சேவலையா ஆண்டவருக்குப் படைக்க இருந்தோம், நல்லவேளை தப்பினோம் என்று அவளுக்கு ஆறுதலாகிவிட்டது. அன்றைக்கு மிளகு நுணுக்கித் தந்ததும் அவள்தான். குருவம்மாளுக்கு ஒரு கிண்ணம் சாறு போயிற்று. செண்பகம் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றாள்.