மழைக்கொக்கின் முகம்

மெக்சிகோ மலைநாட்டில், நாவா மக்களின் ஊர் ஒன்றில் கொள்ளைநோய் புகுந்து ஓய்ந்திருந்தது. மாண்டவர்களின் நிலம் யாரைச் சேரும் என்று ஊர்ச்சபை முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஏடு வேண்டும்.

அவர்களுக்குப் படம்தான் எழுத்து. முதலில் ஒரு முகம். இறந்தவர் என்றால் கண்கள் மூடியிருக்கும். முகத்திலிருந்து ஒரு கோடு போகும். கோட்டின் நுனியில் இருக்கும் உருவம் பெயரைச் சொல்லும். இன்ன இனம் என்பதைத் தலைமுடியும் உடையும் சொல்லிவிடும்.

ஏடு எழுதுகிறவள் தெய்கூ. அவளிடம் தொழில் பழகியவன் மசாத்.

ஒரு முகத்தில் மசாத்தின் கை நின்றுவிட்டது. இறந்தவர் ஒத்தொமி இனத்தவர். வடக்கேயிருந்து வந்து முப்பது வருஷம் இங்கே சோளம் விளைவித்தவர். அவர் பெயருக்கு மழைக்கொக்கு என்று பொருள். ஒரே மகள் மிஞ்சியிருந்தாள். வந்தேறியின் நிலம் அவளுக்கு எதற்கு என்று சபையில் பேச்சு அடிபட்டது.

முன்னந்தலையை மழித்துப் பின்முடியை நீளவிடுவது ஒத்தொமி வழக்கம். மசாத் அதை விட்டுவிட்டு உள்ளூர்க்காரர் முடியை எழுதினான்.

தெய்கூ பார்த்தாள். "அந்தப் பெண்ணைக் கூப்பிடு" என்றாள்.

மகள் வந்தாள். கோட்டின் நுனியில் மழையில் நிற்கும் கொக்கைக் கண்டதும் கண் கலங்கியது. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இது யாருடைய அப்பா?"

"உன் நிலம் கைவிட்டுப் போகக் கூடாதே என்றுதான்..." மசாத் தடுமாறினான்.

"நிலம் வேண்டும்தான், ஐயா. ஆனால் கடைசி நாளில் நான் வாரிவிட்ட தலை இது இல்லையே."

மசாத் சுரண்டி அழித்தான். இருந்தது இருந்தபடி எழுதினான்.

சபைத் தலைவர் ஏட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "வெளியூரானுக்கு இங்கே ஏது நிலம்?"

தெய்கூ பழைய ஏடு ஒன்றை விரித்தாள். அதில் ஒருவர் தோலாடையும் வில்லுமாக நின்றார். பாலைவெளியிலிருந்து ஊர்க்குன்று வரை அவருடைய காலடித்தடங்கள் வந்தன.

"இவர் யார்?"

"தெரியாதா? ஊரை நிறுவியவர். எங்கள் குலமுதல்வர்."

"இவர் உடையையும் உள்ளூர் உடையாக மாற்றி எழுதித் தரட்டுமா?"

தலைவர் பழைய ஏட்டை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மாலைக்குள் நிலம் மகள் பேருக்கு வந்தது.

திரும்பும் வழியில் மசாத் கேட்டான்: "சபை மறுத்திருந்தால், தாயே?"

"நிலம் மட்டும் போயிருக்கும்."