ஸ்கேன் அறைக்குப் போன புலிக்குட்டி

கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஐம்பத்தொன்பது வயது. கற்றுக்கொடுத்தவளுக்கு முப்பத்தாறு.

தேவசகாயம் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்ட்டூன் படம் செய்ய ஆசைப்பட்டு நசீமாவிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். இரண்டு பேருக்குமே அதில் கொஞ்சம் கூச்சம்தான்.

ஓர் ஆஸ்பத்திரிக்காக மூன்று நிமிடப் படம் ஒன்று செய்தார்கள். ஸ்கேன் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். குகை மாதிரி இருக்கும் அந்த மெஷினுக்குள் தடதடவென்று சத்தம் கேட்கும். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படத்தில் ஒரு புலிக்குட்டி அப்படிப் படுத்துக் காட்டும். குட்டியை வரைந்தது தேவசகாயம்.

கண்ணாடி முன்னால் நின்று, தன் நெஞ்சை நிமிர்த்திப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஸ்கேன் அறைக் கதவு திறந்ததும் அழுதார்கள்.

அவர்களில் ஒருத்தி பவிஷா. ஆறு வயது. ஆண்டிபட்டியிலிருந்து இரண்டு தடவை வந்து, ஸ்கேன் எடுக்காமலே திரும்பியவள். அடுத்த தடவையும் படுக்கவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டு. மயக்க மருந்துக்கு டாக்டர்களே யோசித்தார்கள். தேவசகாயத்திடம் இதைச் சொல்லும்போது அவளுடைய அம்மா முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் தேவசகாயம் சாப்பிடப் போகாமல் மறுபடி வரைய உட்கார்ந்தார். குட்டியின் புருவத்தைத் தடிப்பாக்கினார். மார்பை அகலமாக்கினார். நசீமாவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"இன்னும் எவ்வளவு தைரியம் போடணும் மேடம்?"

நசீமா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரிடம் முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்தாள். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் முத்துராக்கு அண்ணன், படத்தை எட்டிப் பார்த்தார்.

"புலிக்குட்டியா இது? கொடியேத்த வந்த ஹெட்மாஸ்டர் மாதிரில்ல நிக்குது!"

"சும்மா இருங்கண்ணே. சார், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டுங்க."

"எனக்கு எதுக்கு மேடம்?"

"உள்ள போய்ப் படுங்க. அஞ்சு நிமிஷம்தான்."

படுத்தார். பலகை உள்ளே நகர்ந்தது. சத்தம் தொடங்கியது. நசீமா கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பென்சிலால் வரைந்தாள்.

வேர்த்துப்போய் வெளியே வந்தவரிடம் தாளைக் கொடுத்தாள்.

"முகமே இல்லையே மேடம்."

"முகம் உள்ள இருந்துச்சு சார். வெளிய தெரிஞ்சதை வரைஞ்சேன்."

தாளில் கால் விரல் பத்தும் மடங்கியிருந்தன. ஒரு கை சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்கேன். இதையா பிள்ளைங்களுக்குக் காட்டுறது?"

"நீங்க எந்திரிச்சு ஓடலையே சார்."

பத்து நாள் உட்கார்ந்து மறுபடி வரைந்தார். இப்போது குட்டியின் காதுகள் தொங்கின. விரல்கள் மடங்கியிருந்தன. தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு, தனியாகப் பலகையில் படுத்திருந்தது.

"இதைப் பாத்து அந்தப் பிள்ளை இன்னும் பயந்துட்டா?"

"எனக்கும் அதான் சார் கவலை," என்றாள் நசீமா.

பவிஷா வந்தாள். படம் ஓடியது. அவள் கைதட்டவில்லை. தேவசகாயம் சுவரோரம் நின்று அவளையே பார்த்தார். பிள்ளை எழுந்து டிவி கிட்டே போய் நின்றாள்.

"அம்மா, அதுக்குப் பயமா இருக்கு."

"ஆமா தங்கம்."

"அதோட அம்மா எங்க?"

அம்மா தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாளில் ஒரு தாய்ப்புலியை வரைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"தனியாவா போகுது?" என்றாள் பவிஷா. பிறகு டிவியைப் பார்த்துச் சொன்னாள். "அழுகாத. நானும் வாரேன்ல."

கொலுசைத் தானே கழற்றி அம்மா கையில் வைத்தாள்.

கதவு மூடியது. வெளியே அந்தத் தாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ, அந்தச் சாமிக்குக் கேட்டிருக்கும். இருபது நிமிடம் கழித்து முத்துராக்கு அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா. படுக்கும்போது 'வாலை விடு, என் கையைப் பிடிச்சுக்கோ'ன்னு யார்கிட்டயோ சொல்லுச்சு. அப்புறம் அசையவே இல்லை."

அம்மா அழுதாள். பிள்ளை பசிக்கிறது என்றாள்.

அவர்கள் போன பிறகு தேவசகாயம் நசீமாவிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் மேடம். குட்டி பக்கத்துல அதோட அம்மாவை வரையாம விட்டுட்டேன். நாளைக்கே சேத்துடறேன்."

"வேண்டாம் சார்," என்றாள் நசீமா. "அந்த இடத்துல இப்ப ஆள் இருக்கு."