சரிபாதிக் குப்பி

விடை தெரிந்தும் வாய் திறக்காதவரின் தலை சுக்குநூறாகும் என்று பழைய கதைசொல்லிகள் மிரட்டுவது வழக்கம். இந்தக் கதையில் உண்மையிலேயே ஒரு தலை ஆபத்தில் இருக்கிறது. ஆகவே மிரட்டல் வேண்டாம்.

கடலூருக்குத் தெற்கே ஓர் ஊரில் கமலவேணி என்றொரு தாய். அவளுடைய மகன்கள் தனசேகர், பாஸ்கர் இருவருக்கும் பிறவியிலேயே, தாய்வழியாக வந்த ஹீமோஃபீலியா. அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாது. உறையவைக்கும் மருந்துக்கு ஃபேக்டர் என்று பெயர். ரத்தத்திலிருந்து எடுத்த தூளாகக் குப்பியில் வரும். நீர் கலந்து நரம்பில் ஏற்ற வேண்டும். அரிதாகக் கிடைத்த ஒவ்வொரு குப்பியையும் கமலவேணி இருவருக்கும் சரிபாதியாகவே ஏற்றினாள். யாருக்குக் கசிகிறது என்று பார்ப்பதில்லை. ஒருவனுக்கு மட்டும் ஏற்றினால் மற்றவன் முகம் வாடுமாம்.

ஒரே ஒருமுறை அந்த முறை பிசகியது. இருவருக்கும் உள்ளே ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கியிருந்த அன்று, மூத்தவன் தனசேகர் அழுது புரண்டு முழுக் குப்பியையும் ஏற்றிக்கொண்டான். பாஸ்கரின் கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. அதன்பின் அண்ணனை அவன் "முழுக்குப்பி" என்றே கூப்பிட்டான்.

வருடங்கள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. தனசேகருக்கு எச்.ஐ.வி., ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி, இரண்டும். பாஸ்கருக்கு ஒன்றுமில்லை. அண்ணன் தனியாக ஏற்றிக்கொண்டது அந்த ஒரு குப்பிதான். யாரோ ஒருவரின் ரத்தத்திலிருந்த கிருமி அதில்தான் வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பாஸ்கரால் அவனைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை.

இப்போது புயல். சாலை துண்டாகிவிட்டது. ஈரல் சுருங்கிப்போன தனசேகர் காலையிலிருந்து ரத்த வாந்தி எடுக்கிறான். மின்சாரம் இல்லாததால், வீட்டிலிருந்த ஒரே குப்பிக்கு ஐஸ் வாங்கப் போன பாஸ்கர் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடியோடு திரும்பினான். பேச்சு குழறுகிறது. தொலைபேசியில் டாக்டர், "பாதிக் குப்பி யாருக்கும் உதவாதும்மா, ஒருத்தருக்கே முழுசா போடுங்க" என்றார். யாருக்கு என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

கமலவேணி மருந்தைக் கலந்து, சரிபாதியை ஊசியில் இழுத்தாள்.

"அம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான் தனசேகர்.

"ரெண்டு பேருக்கும் இந்த நோயைக் கொடுத்தவ நான். அதுலயே வஞ்சனை பண்ணலை. மருந்துல பண்ணுவேனா?"

"முழுசும் அவனுக்குப் போடு."

பாஸ்கர் சுவரில் சாய்ந்தபடி சொன்னான்: "நீயே போட்டுக்க, அண்ணே. முழுக்குப்பின்னு பேர் வெச்சுட்டு... பாதியிலயா விடுறது?"

"பயப்படாதடா, இது சுத்தமான மருந்து."

இருவரும் சிரித்தார்கள். தனசேகரின் சிரிப்பு ரத்தமாக வந்தது.

ஊசி தாயின் கையில் இருக்கிறது. மூவரில் யார் சொன்னது சரி?

விடை: தனசேகர் சொன்னதே. ஈரல் கெட்டதால் புடைத்து வெடித்த ரத்தக் குழாயை ஃபேக்டர் மட்டும் அடைத்துவிடாது. மண்டைக்குள் கசிவதை முழுக் குப்பி நிறுத்தக்கூடும். கமலவேணியும் கடைசியில் முழுவதையும் பாஸ்கருக்கே ஏற்றினாள். கண் செருகியிருந்ததால் அவன் தடுக்கவில்லை. பிறகு மருந்து கலக்க வந்த நீரில் மிச்சமிருந்த சொட்டுகளால் காலிக் குப்பியை அலசி, புது ஊசியில் எடுத்து, "இந்தா, உன் பாதி" என்றாள். தனசேகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கையை நீட்டினான்.