பவுனுக்கு எடுத்த புது அளவு

நகரு. இன்னும் கொஞ்சம் நகரு தேனு. இவ்வளவு பெரிய பாயில அத்தைக்கு ஒரு முழம் இடம் விட மாட்டேங்கறியே. காலைத் தூக்கி மேல போடாதே, வேர்க்குது. நாளைக்கு உங்க அம்மா ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வர்றா, நீ என்னடான்னா "நான் இனிமே அத்தைகூடத்தான் படுப்பேன்"னு அப்பாகிட்ட சொல்லியிருக்கே. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறே. சரி, திறக்காதே. நான் கதை சொல்றேன், நீ "ம்" மட்டும் கொட்டு. கொட்டலைன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவேன்.

ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. பேரு பவுனு. வீட்டு முன்னறையில, ஜன்னலோரமா மிஷினைப் போட்டுக்கிட்டு, கடகடகடகடன்னு காலையில மிதிக்க ஆரம்பிச்சான்னா விளக்கு வைக்கற வரைக்கும் சத்தம் நிக்காது. ஜாக்கெட் தைக்கறதுல அவளை அடிச்சுக்க அந்த ஊர்ல ஆள் கிடையாது. ஆனா ஒரு வழக்கம் வச்சிருந்தா. டேப்பை எடுத்து யாரையும் அளக்க மாட்டா. "உடம்பைத் தொட்டா கூச்சத்துல மூச்சை இழுத்துப் புடிச்சுக்கறாளுங்க, அளவு தப்பிடுது. உனக்குச் சரியா இருக்கற பழைய ஜாக்கெட் ஒண்ணை அளவுக்குக் குடு, போதும்"ம்பா. அளவு ஜாக்கெட். உங்க அம்மாகூட துணியோட சுத்திக் குடுப்பாளே, அதேதான்.

ம் சொல்லு.

அந்தப் பவுனுக்கு ஒரே பொண்ணு. குயிலி. உன் வயசுதான், உன்னை மாதிரியே பிடிவாதம். அவளுக்கு அம்மா நெஞ்சுல காதை வச்சாத்தான் தூக்கம் வரும். உள்ள லப்டப் லப்டப்னு கேக்கும் இல்ல, அதைக் கேட்டுக்கிட்டே, "அம்மா, உனக்குள்ள ஒரு மிஷின் ஓடுது"ன்னு சொல்லிட்டுத் தூங்கிடுவா.

அப்புறம் ஒரு நாள் குயிலி பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தா. வந்த வேகத்துல ணங்குனு அம்மா மாருல தலையால முட்டிட்டா. "அம்மாடி"ன்னு பவுனு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வலிச்ச இடத்தைத் தடவிப் பாத்தா, உள்ள புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஊசி போட்டுப் பாத்தாங்க, படம் புடிச்சுப் பாத்தாங்க. கேன்சர்னு சொன்னாங்க. அந்தப் பேரைச் சொல்ல அவங்க வீட்டுல யாருக்கும் வாய் வரலை. "அந்த வியாதி"ன்னு கிசுகிசுன்னு பேசிக்கிட்டாங்க. நம்ம வீட்டுலயும் அந்தக் கூத்துதானே நடக்குது. நான் சொல்றேன் கேட்டுக்க, கேன்சர். பேரைச் சொன்னா ஒட்டிக்காது. கட்டிப் புடிச்சாலும் ஒட்டிக்காது. உன் சித்தப்பா பையன் என்னமோ உளறி வச்சிருக்கானாமே, அவனை நாளைக்கு நான் கவனிச்சுக்கறேன்.

அப்போ பவுனுக்கு ஒரு பக்கத்து மாரையே எடுத்துட்டாங்க. ஆமாடி, எடுத்துட்டாங்க. எடுத்தாத்தான் உசுரு தங்கும்னாங்க. டாக்டர் நல்லாத்தான் பாத்தாரு. வலிச்சா ஒரு மாத்திரை, குமட்டினா ஒரு மாத்திரை. முடி கொட்டினப்போ திரும்ப முளைக்கும்னு தைரியம் சொன்னாரு. அங்க ஒரு நர்ஸம்மா மட்டும், "மனசுவிட்டுப் பேச வீட்டுல யாராச்சும் இருக்காங்களா பவுனு?"ன்னு கேட்டுச்சு. "இருக்காங்க சிஸ்டர்"னு பொய் சொல்லிட்டு வந்துட்டா.

வந்து என்ன பண்ணினா? படக்குனு உள் ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. அந்தத் தழும்பைப் பாத்தா பிள்ளை பயந்துடும்னு அவளுக்கு நினைப்பு. சாப்பாடு உள்ள போகும், தட்டு வெளிய வரும். குயிலி கதவுகிட்ட நின்னு, "அம்மா, உள்ள வரட்டா?"ன்னு கேப்பா. "வேணாம் தங்கம், அம்மாவுக்குக் காய்ச்சல்." அடுத்த நாளும் அதையே கேப்பா. அடுத்த நாளும் காய்ச்சல்தான். அப்புறம் குயிலி கேக்கறதையே நிறுத்திட்டா. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில, வெறும் மரத்துல காதை வச்சுக்கிட்டுப் படுத்திருப்பா.

ம். இரு, அத்தை ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்தக் கதவைத் திறக்க முதல்ல வந்தவங்க சொந்தக்காரங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா, சலசலசலன்னு ஒரு வேன் நிறைய. வந்து சுத்தி உக்காந்துக்கிட்டு ஓன்னு ஒரே அழுகை. "இந்த வயசுலயா உனக்கு இப்படி வரணும்?" "பொம்பளைப் பிள்ளைய வேற வச்சிருக்கியே." பாவம், பவுனு என்ன பண்ணுவா? தலையில துண்டைக் கட்டிக்கிட்டு எழுந்திரிச்சு, அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, "அழாதீங்க, எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு அவதான் எல்லாரையும் தேத்தி அனுப்பினா. வேன் கிளம்புச்சு. கதவு படக்குனு சாத்திக்கிச்சு.

ரெண்டாவதா வந்தது அவ புருஷன் சின்னராசு. வாயில்லாத மனுஷன். தேர்த் திருவிழா வந்துடுச்சு. வருஷா வருஷம் பவுனு குயிலியைக் கூட்டிக்கிட்டுப் போயி வடம் தொட வச்சுக் கூட்டியாருவா. இந்த வருஷம் எப்படியாச்சும் அவளை வெளிய கொண்டாரணும்னு, அரக்குக் கலர்ல ஒரு புடவை எடுத்தாரு. பெட்டியைத் திறந்து அவளோட அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டு, அடுத்த தெரு மைமூன்கிட்ட போனாரு. மைமூனும் தையல்காரிதான். பவுனுக்கும் அவளுக்கும் தொழில்ல போட்டி உண்டு, ஆனா பவுனு அவளை அக்கான்னுதான் கூப்பிடுவா. சின்னராசு விஷயத்தைச் சொல்லணுமா வேணாமா? சொல்லலை. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லிட்டாரு. மைமூன் அளவு ஜாக்கெட்டைப் பாத்து நூல் பிசகாம தைச்சுக் குடுத்துட்டா.

பவுனு போட்டுப் பாத்தா. ஒரு பக்கம் சரியா நிக்குது. இன்னொரு பக்கம் பொசுக்குனு அமுங்கிக் கிடக்குது. அவ திட்டலை, அழலை. கழட்டி, கொக்கியெல்லாம் மாட்டி, அழகா மடிச்சுப் புருஷன் கையில குடுத்தா. "நல்லாத்தான் தைச்சிருக்காங்க. இது வேற யாருக்கோ உள்ளது"ன்னா. அந்த மனுஷன் கொல்லைப்பக்கம் போயி, தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு அந்தச் சத்தத்துல அழுதாரு.

அப்புறம் மடிச்ச ஜாக்கெட்டோட மைமூன்கிட்ட திரும்பிப் போனாரு. இந்தத் தடவை எல்லாத்தையும் சொன்னாரு. அவ தலையில அடிச்சுக்கிட்டா. "ஆளே மாறியிருக்கறப்போ பழைய ஜாக்கெட்டைக் கொண்டாந்து குடுத்தா நான் என்னத்தைக் கண்டேன் தம்பி?"ன்னா. கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. அவதான் மூணாவது.

டொக். டொக். டொக்.

"யாரு?"

"மைமூன். அளவெடுக்க வந்திருக்கேன், திற."

"அளவு ஜாக்கெட்டுதான் குடுத்தாச்சே அக்கா."

"அது பழைய அளவு பவுனு."

பவுனு உள்ள கதவுகிட்ட வந்து நின்னா. அப்புறம் மெதுவா, "என்னை யாரும் டேப்பு வச்சு அளந்ததில்லைக்கா"ன்னா.

"நீ சும்மா நின்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

கதவு கிறீச்சுனு திறந்துச்சு. மைமூன் ஆப்பிள் கொண்டாரலை, அழலை. வந்தவ மேல்துண்டை எடுக்கச் சொன்னா. தோளை அளந்தா, கையை அளந்தா. அப்புறம் தழும்பு இருக்கற பக்கம் வந்து, ரெண்டு விரலை அது மேல வச்சா. "இங்க வலிக்குதா?"

"இல்லைக்கா. மரத்துப் போயிருக்கு. அக்குள்கிட்டதான் இழுக்குது."

"அப்போ அங்க கொஞ்சம் தளர்வா விடறேன். உள்பக்கம் மெத்துனு துணி வச்சுத் தைச்சுடறேன், உறுத்தாது."

ஊசி போட இல்லை, கட்டு மாத்த இல்லை, சும்மா ஒரு மனுஷி கை அவ மேல பட்டு எத்தனை நாளாச்சோ. பவுனுக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மைமூன் அழாதேன்னு சொல்லலை. டேப்பை வச்ச இடத்துல வச்சபடியே நின்னா. ரொம்ப நேரம் கழிச்சு, "மூச்சை மட்டும் இழுத்துப் புடிக்காதே தாயி, அளவு தப்பிடும்"னா. அப்போ பவுனுக்கு அழுகையோட சிரிப்பு வந்துச்சு பாரு, மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சா.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு நிலையைப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னா குயிலி. அம்மாவைப் பாத்தா. தழும்பைப் பாத்தா. பவுனு அவசரமா துண்டை இழுத்தா. இந்தப் பிள்ளை பயப்படலை, மூஞ்சியைக் கோணிக்கலை. தேம்பித் தேம்பிக் கேட்டா: "நான் முட்டினதாலதானேம்மா இப்படி ஆச்சு?"

அத்தனை நாளும் அந்தக் குழந்தை கதவுக்கு அந்தப் பக்கம் இதை மனசுல வச்சுக்கிட்டா படுத்திருந்துச்சு? பவுனு கையிலிருந்த துண்டைப் போட்டுட்டு, அவளை வாரி இழுத்துக்கிட்டா. "இல்லைடி என் ராசாத்தி. அது முன்னாடியே உள்ள இருந்துச்சு. நீ முட்டினதாலதான் அம்மா கண்டுபுடிச்சேன். முட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." குயிலி தழும்பு இருக்கற பக்கமே காதை வச்சா. லப்டப் லப்டப். "மிஷின் ஓடுதும்மா"ன்னா.

அந்த வருஷம் பவுனு தேருக்குப் போனா. அரக்குப் புடவை, புது அளவுல புது ஜாக்கெட். தலையில முடி இல்லை, முக்காடு போட்டிருந்தா. குயிலியைத் தூக்கக் கை தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதனால கையைக் கோத்துக்கிட்டு நடந்தாங்க. பாக்கறவங்க பாத்தாங்க. பாக்கட்டுமே.

ம் எங்கே? முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?

அப்புறமா? அப்புறம் என்ன. நோய் ஓடியே போச்சு, பவுனு நூறு வயசு இருந்தான்னு முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா கதையில பொய் சொல்லிட்டா, நாளைக்கு நான் சொல்ற நிஜத்தையும் நீ நம்ப மாட்டே. ரெண்டு தேர் பாத்தா. அதுக்கப்புறம் நோய் திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை அவ கதவைச் சாத்தலை. மைமூன் வந்து முதுகு நீவி விடுவா. சின்னராசு பேசக் கத்துக்கிட்டு, "எனக்குப் பயமா இருக்கு பவுனு"ன்னு வாய்விட்டுச் சொன்னாரு. "எனக்கும்தான்"னா. கடைசி வரைக்கும் குயிலி அவ பக்கத்துலதான் படுத்தா. ஒரு விடிகாலையில அந்தச் சத்தம் நின்னு போச்சு.

குளிப்பாட்டி எந்த ஜாக்கெட் போடறதுன்னு பொம்பளைங்க பெட்டியைக் கிளறிக்கிட்டு நின்னாங்க. எல்லாம் பழைய அளவு, தேருக்குப் போட்டதுகூட இளைச்ச உடம்புக்குத் தொளதொளன்னு ஆயிடுச்சு. அப்போ மைமூன் ஒரு பையோட வந்தா. முதுகு நீவின கைக்கு அளவு தெரியாதா, ராத்திரியே தைச்சு வச்சிருந்தா. அவளே போட்டு விட்டா, கச்சிதமா இருந்துச்சு.

என்ன தேனு? எதுக்கு விசும்பறே? சத்தமா சொல்லு, அத்தைக்குக் கேக்கலை.

நீ பந்து போட்டியா? அம்மா மேல பட்டுச்சா? அதுக்கப்புறம்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாளா?

அட என் கண்ணு. இதையா இத்தனை நாளா முழுங்கி வச்சிருந்தே? வா இங்க. கால் மேல போட்டுக்க, பரவாயில்லை. கேளு. பந்தால இது வராது. நீ கோபத்துல ஏதாச்சும் சொல்லியிருந்தாலும், அந்த வார்த்தையாலயும் வராது. எதனால வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியலை, உன்னால இல்லைங்கறது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

உங்க அம்மாவும் செத்துப் போயிடுவாளா? தெரியாது தங்கம். பவுனு வேற, உங்க அம்மா வேற. ரொம்பப் பேரு நல்லாயிருக்காங்க. நாளைக்கு வர்றா, அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்.

எந்தப் பக்கம் படுத்தா அம்மாவுக்கு வலிக்காதுன்னா? அத்தைகிட்ட ஏன் கேக்கறே? நாளைக்கு அவகிட்டயே கேளு. உன் வாயால நீ கேக்கணும்னுதான் அவ அங்க முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா.

ஊசியில நூல் தீந்து போச்சு, கதையும் தீந்து போச்சு. கண்ணை மூடு.